உப்புக் காற்றுக்கு ஏற்ற பாத் பாம்: இராமநாதபுரம் கடற்கரை வீடுகளுக்கான கேள்வி பதில்கள்

பாத் பாம் செய்யக் கற்றுத்தரும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில் உள்ள குளியல் தொட்டி வீடுகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றித் தொண்டியிலோ கீழக்கரையிலோ பாம்பனிலோ செய்து பார்ப்பவர்களுக்கு, உருண்டை உலர்வதற்குள் பொங்கிப்போவதும், நிறம் மாறுவதும், வாளித் தண்ணீருக்கு அளவு மிஞ்சிப்போவதும் வழக்கமாக நேர்கின்றன. நம் காற்றுக்கும் நம் தண்ணீருக்கும் நம் அன்றாட வேலைக்கும் ஏற்ப அந்த அளவுகளை எப்படி மாற்றிக்கொள்வது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

பாத் பாம் என்பது என்ன? அது எப்படி நுரைக்கிறது?

சமையல் சோடாவையும் சிட்ரிக் அமிலத்தையும் உலர்ந்த நிலையில் கலந்து, இறுக்கிப் பிடித்த உருண்டைதான் பாத் பாம். உலர்ந்திருக்கும் வரை இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை என்றே சொல்லலாம். தண்ணீரில் விழுந்ததும் இரண்டும் கரைந்து வினைபுரிந்து, சோடியம் சிட்ரேட் என்ற உப்பும் தண்ணீரும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. பொங்கிவரும் நுரை அந்த வாயுதான். உள்ளே வைத்த எண்ணெயும் மணமும் நிறமும் அதோடு சேர்ந்து தண்ணீரில் பரவுகின்றன. 1989ஆம் ஆண்டில் இதை உருவாக்கியவர் இங்கிலாந்தின் லஷ் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான மோ கான்ஸ்டன்டைன்.

எங்கள் வீட்டில் குளியல் தொட்டி இல்லை. வாளியில் மொண்டு குளிக்கும் எங்களுக்கு இதனால் என்ன பயன்?

தொட்டி இல்லாததைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. தண்ணீர்த் தட்டுப்பாட்டை நன்கு அறிந்த மாவட்டம் நம்முடையது. ஒரு குளியலுக்கு நூற்றைம்பது லிட்டர் தண்ணீரை நிரப்பி வடியவிடும் பழக்கம் இங்கே வரவேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை. உருண்டையைச் சிறிதாக்கினால் போதும். தொட்டிக்கு 150 கிராம் உருண்டை என்றால், அது லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம். அந்தக் கணக்கில் 20 லிட்டர் வாளிக்கு 20 கிராம் உருண்டை சரியாக இருக்கும். கால் நனைக்கும் அகன்ற பாத்திரத்தில் ஆறேழு லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்கு 10 கிராம் போதுமானது.

வாளியில் போட்ட தண்ணீரைக் கடைசியாக ஊற்றிக்கொள்ளும் தண்ணீராக வைத்துக்கொள்வது நல்லது. சோப்புப் போட்டுக் குளித்து முடித்தபின், மணமும் எண்ணெயும் கலந்த தண்ணீரைத் தோளிலிருந்து ஊற்றிக்கொண்டால் இரண்டும் உடலில் தங்கும்.

தொடக்கத்தில் எந்த அளவில் செய்து பார்க்கலாம்?

சமையல் சோடா 200 கிராம், சிட்ரிக் அமிலம் 100 கிராம், சோள மாவு 50 கிராம், உருக்கிய கோகம் வெண்ணெய் (கோகம் பழ விதையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) 12 கிராம், மண எண்ணெய் 3 கிராமுக்கு மிகாமல். இதிலிருந்து 20 கிராம் எடையுள்ள பதினெட்டு உருண்டைகள் கிடைக்கும். உலர்ந்த பொருள்களை நன்றாகச் சலித்துக் கட்டியில்லாமல் கலந்த பிறகே எண்ணெயைச் சேர்க்க வேண்டும். எண்ணெய் பிடித்த துகள்கள் ஈரத்தை உடனே ஏற்காது என்பதால் இந்த வரிசை முக்கியமானது.

கடையில் வாங்கும்போது பெயரைக் கவனித்துக் கேட்க வேண்டும். ஆப்ப சோடா என்றும் சோடா உப்பு என்றும் கேட்டால் கிடைப்பது சரியான பொருள். சலவை சோடா வேறு. அதன் காரம் தோலை அரிக்கும். பேக்கிங் பவுடரும் வேறு. அதில் ஏற்கெனவே அமிலமும் மாவும் கலந்திருப்பதால் நம் அளவு கெட்டுவிடும். சிட்ரிக் அமிலம் மளிகைக் கடைகளில் எலுமிச்சை உப்பு என்ற பெயரிலும் விற்கப்படுகிறது. அதில் நீரற்றது, நீரேறியது என இரண்டு வகை உண்டு. நீரேறிய வகையில் நூறு கிராமுக்கு எட்டு கிராமுக்கு மேல் தண்ணீர் படிகத்திற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. உறையில் மோனோஹைட்ரேட் என்று இருந்தால் அதைத் தவிர்த்து, அன்ஹைட்ரஸ் என்று அச்சிடப்பட்டதையே கேட்டு வாங்க வேண்டும். கடற்கரையில் செய்பவர்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் பெரியது.

சிட்ரிக் அமிலத் தூள் மூக்கிலும் கண்ணிலும் பட்டால் கடுமையாக எரியும். சலிக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள்.

கலவையின் பதத்தை எப்படி அறிவது?

புட்டுக்கு மாவு பிசிறும் கை இதற்குப் பழகிய கைதான். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருவம் நிற்க வேண்டும். விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிற்காமல் உதிர்ந்தால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தெளிப்பானில் எடுத்து ஓரிரு முறை தெளித்துப் பிசிறலாம். அது மருந்துக் கடையில் கிடைக்கும்; விரைவில் ஆவியாகிவிடும்; தண்ணீரைப் போலச் சோடாவையும் அமிலத்தையும் பொங்கவைக்காது. தீப்பற்றக் கூடியது என்பதால் அடுப்பு எரியும் சமையலறையில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. பன்னீர் தெளிக்கச் சொல்லும் குறிப்புகளை இந்தக் கடற்கரையில் பின்பற்ற வேண்டாம், பன்னீரும் தண்ணீர்தான்.

அச்சுக்குக் கொழுக்கட்டை அச்சு மிகவும் பொருத்தமானது. ஒரு முறை இதற்குப் பயன்படுத்திய அச்சை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம். மண எண்ணெய் அதில் தங்கிவிடும்.

உருண்டை உலரும் முன்பே பருத்து, மேலெல்லாம் கொப்புளம் போல எழும்புகிறது. ஏன்?

காற்றில் உள்ள ஈரமே காரணம். எங்களிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சிட்ரிக் அமிலம் ஈரத்தை ஈர்க்கும் பொருள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானாகவே கசியத் தொடங்கும். கசிந்த இடத்தில் அருகிலுள்ள சோடாவோடு வினை நடக்கிறது. அந்த வினையில் வாயு மட்டுமல்லாமல் தண்ணீரும் உண்டாகிறது என்பதுதான் சிக்கல். அந்தத் தண்ணீர் அடுத்த துகளைக் கரைக்கிறது. அது மேலும் தண்ணீரைத் தருகிறது. ஒரு மூலையில் தொடங்கிய ஈரம் உருண்டை முழுவதும் பரவுவது இப்படித்தான். அதனால் தொடக்க ஈரத்தைத் தடுப்பதே ஒரே வழி; பொங்கத் தொடங்கிய உருண்டையை மீட்க முடியாது.

நம் கடற்கரையில் விடியற்காலையிலும் இரவிலும் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். நண்பகலில் வெப்பம் ஏறும்போது அது குறையும். ஆகவே காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று மணிக்குள் வேலையை முடித்துக்கொள்வது நல்லது. மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து கச்சான் காற்று வீசும் நாள்கள் இதற்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாடைக் காற்றோடு மழை வரும்போது, குளிரூட்டி உள்ள அறை இருந்தால் மட்டுமே செய்யுங்கள். குளிரூட்டி அறையைக் குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து வெளியேற்றுகிறது. சிறிய ஈரப்பதமானி ஒன்று வாங்கிச் சுவரில் மாட்டிவைத்து, முள் 55க்குக் கீழே இருக்கும் நேரம் பார்த்துத் தொடங்கினால் பொருள் வீணாகாது.

கருவாட்டையும் பாசியையும் வெயிலில் காயவைத்துப் பழகிய நமக்கு, உருண்டைகளையும் மொட்டைமாடியில் பரப்பத் தோன்றும். அது கூடாது. கடற்காற்று ஈரத்தையும் உப்புத் துகளையும் கொண்டுவருகிறது. வெயில் நிறத்தை வெளுக்கச் செய்கிறது. 50 பாகை செல்சியசைத் தாண்டும் சூட்டில் சமையல் சோடாவே மெல்லச் சிதையத் தொடங்கும். அறைக்குள், சன்னல்களை மூடி, தாளின் மேல் சில மணி நேரம் வைத்து ஆல்கஹால் ஆவியானபின், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு அகன்ற டப்பாவில் மூடியைத் தளர்வாக வைத்து ஒரு நாள் உலர்த்துங்கள். குளிர்சாதனப் பெட்டியும் உதவாது. அதிலிருந்து வெளியே எடுத்த நொடியில் உருண்டையின் மேல் பனித்துளி படியும்.

இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் புதிய உருண்டைகளை வைக்கக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 20 கிராம் உருண்டை ஒன்று முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 2 லிட்டர் வாயு வெளிவரும். உள்ளே ஈரம் இருந்தால் புட்டி வெடிக்கும்.

வாலிநோக்கம் உப்பளத்து உப்பைச் சேர்க்க ஆசையாக இருக்கிறது. சேர்க்கலாமா?

நம் ஊர்ப் பொருளைச் சேர்க்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கும் உண்டு. சுத்திகரிக்காத கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் சமையலறை உப்புச்சாடி நீர்விட்டுக் கசிவதற்கு அதுவே பெரும் காரணம். அதை உருண்டைக்குள் வைத்தால் உள்ளிருந்தே ஈரம் கிளம்பும். கல்லுப்பு வேண்டுமென்றால் வெறும் வாணலியில் நன்றாக வறுத்து, ஆறவைத்து, நைசாகப் பொடித்து, மொத்தக் கலவையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், செய்த அன்றோ மறுநாளோ பயன்படுத்தும் உருண்டைகளில் மட்டும் சேர்க்கலாம். இதைவிட நல்ல வழி, வறுத்த உப்பைத் தனிப் பொட்டலமாகக் கட்டி உருண்டையோடு கொடுத்து, தண்ணீரில் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்வது.

எப்சம் உப்பும் படிகத்திற்குள் நிறையத் தண்ணீர் வைத்திருக்கும் பொருள். அதையும் தனிப் பொட்டலமாகவே வையுங்கள்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கிறது. அதில் பாத் பாம் வேலை செய்யுமா?

பொங்குவதில் குறை இருக்காது. அமிலமும் சோடாவும் உருண்டையிலேயே இருப்பதால் உவர்நீரிலும் கடினநீரிலும் வாயு அதே அளவில் வரும். சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளைப் படிவாக ஒட்டுவது தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளால். வினையில் உண்டாகும் சோடியம் சிட்ரேட் அந்தக் கால்சியத்தில் ஒரு பகுதியைப் பற்றிக்கொள்ளும் என்பதால், தண்ணீர் சற்றே மென்மையாகும். லிட்டருக்கு ஒரு கிராம் என்ற அளவில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

நின்று நிலைக்கும் நுரை வேண்டுமென்றால் சோப்புத் தூளைச் சேர்க்காமல், சோடியம் லாரில் சல்ஃபோஅசிட்டேட் என்ற நுரைப் பொருளை மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு சேர்த்துப் பாருங்கள். அது கடினநீரிலும் நுரைக்கும். அதன் தூள் மிகவும் நுண்ணியது. முகக்கவசம் இல்லாமல் உறையைத் திறக்க வேண்டாம்.

மீன் ஆய்ந்த கையின் கவிச்சி வாடை இதனால் போகுமா?

வழக்கமான அளவில் செய்த உருண்டையால் போகாது. அளவை மாற்றினால் போகும். பாத் பாமை நம் ஊருக்கென்று மாற்றியமைப்பதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மீனின் கவிச்சி வாடைக்கு அமீன்கள் எனப்படும் காரத்தன்மை உடைய பொருள்களே பெரும்பங்கு காரணம். அமிலம் பட்டால் அவை ஆவியாகாத உப்பாக மாறிவிடும். வாடை மூக்கை எட்டாது. மீன் ஆய்ந்த கையில் புளியையோ எலுமிச்சையையோ தேய்ப்பதும், மீனைப் புளித்தண்ணீரில் அலசுவதும் இதனால்தான். காரம் பட்டாலோ வாடை மேலும் கிளம்பும்.

இனி அளவுக்கு வருவோம். 100 கிராம் சமையல் சோடாவை முழுவதும் சமன்செய்ய, நீரற்ற சிட்ரிக் அமிலம் 76 கிராம் வேண்டும். இரண்டுக்கு ஒன்று என்ற வழக்கமான அளவில் 100 கிராம் அமிலம் 131 கிராம் சோடாவை மட்டுமே தீர்க்கும். 69 கிராம் சோடா மீந்து நிற்கும். அந்தத் தண்ணீர் இலேசான காரத்தன்மை உடையது. குளியலுக்கு அது வழுவழுப்பைத் தரும், கவிச்சிக்கு உதவாது. சோடாவும் அமிலமும் சம எடையில் எடுத்தால், 100 கிராமுக்கு 24 கிராம் அமிலம் மீந்திருக்கும். கை கழுவுவதற்கென்று இந்தச் சம அளவில், சோள மாவைக் குறைத்து, எண்ணெயை அரைப்பங்காக்கி, 20 கிராம் உருண்டைகளாகச் செய்யுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் ஒன்றைப் போட்டு, நுரை அடங்கியபின் கையை நனைத்துத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினால் வாடை பெரும்பாலும் அகலும். வாளி நிறையத் தண்ணீரில் போட்டால் பயனில்லை. நம் நிலத்தடி நீரில் உள்ள காரத்தன்மையே மீந்த அமிலத்தைத் தின்றுவிடும்.

இந்த உருண்டை சாதாரண உருண்டையைவிட ஈரத்துக்கு அஞ்சும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் செய்துகொள்ளுங்கள். நண்டுக் கொடுக்கோ மீன் முள்ளோ கீறிய கையையும், பாறையில் பாசி எடுத்துச் சிராய்த்த விரல்களையும் இந்தத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. அமிலம் காயத்தில் கடுமையாக எரியும்.

இயற்கை நிறம் சேர்க்க எவை ஏற்றவை?

ஆலத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாதி விடை தெரிந்திருக்கும். மஞ்சளின் நிறப்பொருள் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் தெரிவது. சோடா மீந்த உருண்டையில் மஞ்சள் தூள் சேர்த்தால், தண்ணீர் முதலில் மஞ்சளாகவும், நுரை அடங்கி வாயு வெளியேற வெளியேறச் செம்மஞ்சளாகவும் மாறக்கூடும். அமிலம் மீந்த கை கழுவும் உருண்டையில் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். ஒரே பொருளைக் கொண்டு இரண்டு நிறம் பெறலாம் என்பதால் இதை நான் விரும்பிப் பரிந்துரைக்கிறேன். 350 கிராம் கலவைக்குக் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். துண்டிலும் வெளிர்நிற வாளியிலும் கறை தங்கும்.

சங்குப்பூவை நிழலில் உலர்த்திப் பொடித்துச் சேர்த்தால் நீலம் கிடைக்கும். அமிலம் மிகுந்தால் ஊதாச் சாயலும், காரம் மிகுந்தால் பச்சைச் சாயலும் கொள்ளும். செம்பருத்திப் பொடியும் இதே போல மாறக்கூடியதே. பீட்ரூட் பொடி கலவையில் அழகாக இருந்து, சில நாளில் பழுப்பாகிவிடும். சிவப்பு நிலைத்து நிற்க வேண்டுமென்றால் அழகுப்பொருளுக்கென்று விற்கும் சுத்தமான செங்களிமண் தூள் நல்லது. மண் வகைகள் நுரைப்பதைச் சற்று மெதுவாக்கும் என்பதால், நீண்ட நேரம் பொங்க வேண்டிய உருண்டைகளுக்கு அவை கூடுதலாகவும் பயன்படும்.

பூவையோ மஞ்சளையோ அரைக்க, மிளகாய் அரைத்த மிக்சி ஜாரை எடுக்கவே எடுக்காதீர்கள். நம் முண்டு மிளகாயின் காரம் எத்தனை கழுவினாலும் ஜாரின் அடியில் ஒட்டியிருக்கும். அது தண்ணீரில் கலந்து உடலெங்கும் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மல்லிகை மணம் வேண்டும். பூவையே உலர்த்திப் போடலாமா?

தங்கச்சிமடத்தில் பதியன் போட்டு வளர்க்கும் மல்லிகை நாற்றுகள் மதுரைப் பக்கத் தோட்டங்கள் வரை போகின்றன. நம் கடற்கரைக்கு மல்லிகை அவ்வளவு நெருக்கமான பூ. உலர்ந்த மல்லிகையில் மணம் தங்காது என்பதே உண்மை. மொட்டு விரியும் இரவில்தான் அது மணத்தை விடுகிறது; காய்ந்த இதழ் பழுப்பாகி, சருகின் வாடையைத் தரும். தண்ணீரில் மிதந்து உடலில் ஒட்டும், வடிகாலை அடைக்கும். ஆகவே மல்லிகை மணத்துக்குக் கடையில் கிடைக்கும் அழகுப்பொருள் தரத்து மணத் தைலத்தையே நாட வேண்டும். வீட்டிலேயே செய்ய விரும்பினால், விரியும் மொட்டுகளை ஈரமில்லாத நல்லெண்ணெயில் ஓரிரவு போட்டு, காலையில் வடித்து, மறுநாள் புதிய மொட்டுகளைப் போட்டு, இப்படிப் பலமுறை செய்தால் எண்ணெயில் மெல்லிய மணம் ஏறும். அது உருண்டைக்குப் போதாமல் போகலாம். தலைக்குத் தேய்க்க அருமையாக இருக்கும்.

வெட்டிவேர் எண்ணெய் நம் வெப்பத்துக்கு மிகவும் ஏற்றது. மெதுவாக ஆவியாகும் என்பதால் வாரங்கள் கடந்தும் மணம் நிற்கும். எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் எண்ணெய்கள் விரைவில் பறந்துவிடும். அவற்றோடு சிறிது வெட்டிவேர் சேர்த்தால் கலவையின் மணம் நீண்ட நாள் நிற்கும். தாழை நம் கரையோரங்களில் வளர்ந்தாலும், அதன் மணத்தை வீட்டில் பிரித்தெடுப்பது கடினம். இலவங்கம், பட்டை ஆகியவற்றின் எண்ணெய்கள் தோலை எரிக்கக் கூடியவை என்பதால் குளியலுக்கு வேண்டாம். எந்த மண எண்ணெயானாலும் மொத்த எடையில் நூற்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. முதல்முறை பயன்படுத்தும்போது, கரைத்த தண்ணீரை முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கோகம் வெண்ணெய் எதற்கு? தேங்காய் எண்ணெய் போதாதா?

தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். குளிர்நாட்டில் அது உறைந்து உருண்டையை இறுக்கும்; இங்கே ஆண்டின் பெரும்பகுதியில் எண்ணெயாகவே இருந்து உருண்டையை மென்மையாக்கும். கோகம் வெண்ணெய் 38 பாகையை ஒட்டித்தான் உருகும் என்பதால் நம் கோடையையும் பெரும்பாலும் தாங்கும். விலை கூடுதலாகத் தோன்றினால், பாதி கோகம், பாதி தேங்காய் எண்ணெய் என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த எண்ணெயும் தரையில் வழுக்கும். முதியவர்கள் குளிக்கும் இடத்தை உடனே கழுவிவிடுங்கள்.

மண்டபம் பக்கம் கிடைக்கும் கடற்பாசியைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், மிகச் சிறிதளவு. மண்டபம், பாம்பன் பகுதிகளில் பெண்கள் கடலில் கட்டிவளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்து காரஜீனன் என்ற கூழ்மப் பொருள் எடுக்கப்படுகிறது. பாசித் தூள் தண்ணீரை உறிஞ்சி உப்பி, வழவழப்பாவது அதனால்தான். நன்னீரில் பலமுறை அலசி, முறுக உலர்த்தி, மாவாகப் பொடித்தது என்றால் 350 கிராம் கலவைக்கு அரைத் தேக்கரண்டி போதும். கூடினால் உருண்டையின் மேல் ஈரம் ஏறும். வாளியின் அடியில் சளி போலத் தங்கும். தோல் நோயை ஆற்றும், இளமையைத் தரும் என்றெல்லாம் அதைப் புகழ்ந்து விற்பதை நான் ஏற்பதில்லை. மென்மையான உணர்வைத் தரும் என்பது வரைதான் நேர்மையாகச் சொல்லக்கூடியது. வளர்ப்பவர்களிடம் விலைகொடுத்து வாங்குங்கள்.

உருண்டைக்குள் சிப்பியோ பவளத் துண்டோ வைத்தால் குழந்தைகள் மகிழ்வார்களே?

பவளம் கூடவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பவளப்பாறை உயிர்களும், கடற்குதிரையும், கடல் அட்டையும், சில சங்கு வகைகளும் காக்கப்பட்டவை. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும் அவற்றைக் காக்கத்தான். கரையில் ஒதுங்கிய சாதாரணச் சிப்பியும் சரிப்படாது. சிப்பியின் ஓடு கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் அதையும் அரித்து மங்கச் செய்யும். உடைந்த விளிம்பு தோலைக் கீறும். சிப்பி வடிவ அச்சில் உருண்டையை வார்ப்பது அழகாகவும் இருக்கும், யாருக்கும் கேடும் இல்லை.

கருப்பட்டி, பனங்கற்கண்டு, பால் பவுடர்?

வேண்டாம். ஈரத்தையும் எறும்பையும் அழைக்கும்.

இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர்களின் கால்வலிக்குக் கொடுக்க நினைக்கிறோம். எப்படிச் செய்வது?

அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நனைந்து, நீண்ட பிராகாரங்களில் வெறுங்காலோடு நடந்து வருபவர்களுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் கால் நனைப்பது மிகுந்த ஆறுதலைத் தரும். அந்த ஆறுதலில் பெரும்பகுதி தண்ணீரின் வெம்மையால் வருவது. உருண்டை மணத்தையும் மென்மையையும் சேர்க்கிறது. வெட்டிவேர் மணத்தில், நிறம் இல்லாமல், 10 கிராம் உருண்டைகளாகச் செய்யுங்கள். நிறமில்லாதது வேட்டியிலும் சேலையிலும் கறை விடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தண்ணீரின் சூடு தெரியாது. ஊறிய தோலில் சிறு வெடிப்பும் புண்ணாகும். தங்கும் விடுதியில் விருந்தினர்களுக்கு வைப்பவர்கள் இந்த எச்சரிக்கையை உருண்டையின் உறைமேல் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். வட நாட்டிலிருந்து வருபவர்கள் மிகுதி என்பதால் இந்தியிலும் அச்சிடுவது நல்லது.

குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாமா?

கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு மணமும் நிறமும் இல்லாத உருண்டையை எப்போதாவது ஒருமுறை பயன்படுத்தலாம். கற்பூரமும் நீலகிரித் தைலமும் சிறு குழந்தைகளுக்கு நஞ்சாகக் கூடியவை என்பதால், பிள்ளைகள் உள்ள வீட்டில் அவற்றைச் சேர்க்காமல் இருப்பதே சரி. உருண்டை பார்ப்பதற்கு இனிப்புப் பண்டம் போல இருப்பதால் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஊரணியில் குளிக்கும்போது கரைத்துக்கொள்ளலாமா? மீந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?

ஊரணியிலும் கிணற்றிலும் கோயில் தீர்த்தத்திலும் எதையும் கரைக்கக் கூடாது. பல வீடுகள் நம்பியிருக்கும் தண்ணீர் அது. கால் நனைத்த தண்ணீரில் சோடியம் இருக்கிறது. ஏற்கெனவே உவர்ப்பேறிய நம் மண்ணில் அதை மல்லிகைக்கோ காய்கறிக்கோ ஊற்றினால் வேர் வாடும். முற்றம் கழுவவோ கழிப்பறையில் ஊற்றவோ பயன்படுத்துங்கள். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். அதற்கும் நாள்தோறும் ஊற்ற வேண்டாம்.

பனை ஓலைப் பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுக்கலாமா?

மிகவும் அழகாக இருக்கும். ஓலை காற்றை உள்ளே விடும் என்பதால், ஒவ்வோர் உருண்டையையும் முதலில் சுருங்கும் வகை நெகிழித் தாளில் இறுகச் சுற்றி, அதன்பின் பெட்டிக்குள் வைக்க வேண்டும். செய்து மூன்று நாளாவது பொறுத்து, பருக்காமல் இருப்பதை உறுதிசெய்துவிட்டுச் சுற்றுங்கள். ஓலையும் முற்ற உலர்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை வாசம் அடிக்கும் புதுப்பெட்டியில் ஈரம் இருக்கும்.

விற்பனை செய்ய அனுமதி வேண்டுமா?

வேண்டும். குளியலுக்குப் பயன்படும் இத்தகைய பொருள் அழகுப்பொருளாகக் கருதப்படுவதால், 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டமும் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளும் இதற்குப் பொருந்தும். விற்பனைக்காகத் தயாரிப்பவர்கள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் பெற வேண்டும். உறையில் உட்பொருள்கள், தொகுதி எண், தயாரித்த நாள், பயன்படுத்தத் தக்க காலம், தயாரிப்பவரின் முகவரி, உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். வலி நீக்கும், படை போக்கும் என்று எழுதினால் அது மருந்துக்குரிய விதிகளுக்குள் போய்விடும். அப்படி எழுத வேண்டாம். உறவினர்களுக்குக் கொடுக்கும் பரிசோடும் உட்பொருள் பட்டியலை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்ல பழக்கம்.

உடைந்தும் பருத்தும் போன உருண்டைகளை என்ன செய்வது?

எண்ணெயும் நிறமும் சேர்க்காதவை என்றால் பொடித்து வைத்துக்கொண்டு, அடைப்பு வாடை வரும் தொட்டி வாயில் போட்டு வெந்நீர் ஊற்றலாம். குழாய் முனையிலும் குளியலறைத் தரையிலும் படியும் வெள்ளை உப்புக் கறைக்குப் பொங்கித் தீர்ந்த உருண்டை உதவாது. அதற்கு மீந்த சிட்ரிக் அமிலத்தைத் தனியாக வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்து ஒரு மணி நேரம் சுற்றிவைத்துத் தேய்த்தால் கறை விடும். சிட்ரிக் அமிலத்தோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்த்துவிடாதீர்கள். நச்சுத்தன்மை உள்ள குளோரின் வாயு வெளிப்படும்.